நானோகுழாயைக் கம்பியாக்குவது: எண்ணிக்கையும் முனையும்

கார்பன் நானோகுழாய் (ஓர் அணு தடிப்புள்ள கார்பன் தாளைச் சுருட்டியது போன்ற மிக நுண்ணிய குழாய்) பற்றி எழுதப்படும் எதை எடுத்தாலும் முதல் பத்தியிலேயே ஒரு எண் வந்து நிற்கும்: சதுர சென்டிமீட்டருக்கு 100 கோடி ஆம்பியர். சிப்புக்குள் ஓடும் செப்புக் கம்பியோ அதே பரப்பில் சில பத்து லட்சம் ஆம்பியரைத் தாண்டினாலே அணுக்கள் நகர்ந்து, நாளடைவில் அறுந்துபோகும். எண்ணில் பிழை இல்லை. ஆனால் அது ஒற்றைக் குழாயை அளந்து கிடைத்த எண். சிப்புக்குத் தேவைப்படுவது கம்பி. கம்பி என்றால் நெருக்கமாக அடுக்கிய நூற்றுக்கணக்கான குழாய்கள், அவற்றை இரண்டு பக்கமும் பிடிக்கும் உலோகம். எத்தனை குழாய் உள்ளே போகிறது, முனையை எப்படிப் பிடிக்கிறோம் என்ற இரண்டு கேள்விகளில்தான் இந்தத் துறையின் கஷ்டம் முழுவதும் அடங்கியிருக்கிறது. இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் முதல் நாளிலேயே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் செம்பு. 1997இல் ஐபிஎம் அறிவித்த பிறகு சிப்புக்குள் அலுமினியம் இருந்த இடத்துக்குச் செம்பு வந்தது. கட்டிச் செம்பின் மின்தடை எண் 1.7 மைக்ரோ ஓம் சென்டிமீட்டர். அறை வெப்பநிலையில் அதற்குள் ஓர் எலக்ட்ரானின் சராசரி மோதலிடைத் தூரம் (ஒரு மோதலுக்கும் அடுத்ததற்கும் நடுவே அது ஓடும் தூரம்) ஏறத்தாழ 39 நானோமீட்டர். கம்பியின் அகலம் அதற்குக் கீழே இறங்கியதும் எலக்ட்ரான் கம்பியின் சுவரிலும் படிகத் துகள்களின் எல்லையிலும் முட்டிக்கொண்டே போகிறது. மின்தடை எண் பல மடங்கு ஏறுகிறது. இதோடு இன்னொரு தொல்லையும் உண்டு. செம்பு பக்கத்து மின்காப்புப் பொருளுக்குள் கசியாமல் இருக்க டான்டலம் நைட்ரைடு போன்ற தடுப்புப் படலம் வேண்டும். பக்கத்துக்கு 3 நானோமீட்டர் அதற்குப் போனால், கம்பிக்காக வெட்டிய 20 நானோமீட்டர் பள்ளத்தில் செம்புக்கு மிஞ்சுவது 14தான். அதனால்தான் இன்டெல் தன் 10 நானோமீட்டர் தலைமுறையில் மிகக் கீழ் அடுக்குகளுக்குக் கோபால்ட்டை எடுத்துக்கொண்டது. ருத்தீனியத்தின் கதையும் இதுதான். கட்டியாக இருக்கும்போது அதன் மின்தடை எண் செம்பைப்போல நான்கு மடங்குக்கும் மேல். ஆனால் மோதலிடைத் தூரம் சுமார் 7 நானோமீட்டர்தான் என்பதால், ஒல்லியாக்கினாலும் அது செம்பு அளவுக்குக் கெடுவதில்லை. நானோகுழாயை இன்று ஒப்பிட வேண்டியது கட்டிச் செம்போடு அல்ல, இந்த உலோகங்களோடு.

இனி குழாயின் கணக்கு. உலோகத் தன்மையுள்ள ஒற்றைச் சுவர்க் குழாய் ஒன்றில் மின்னோட்டத்துக்கு நான்கு வழிகள் உண்டு. ஒரு வழியின் குவாண்டம் மின்தடை 25.8 கிலோ ஓம். நான்கும் இணையாக நின்றால் 6.45 கிலோ ஓம். குழாய் எத்தனை சுத்தமாக இருந்தாலும், முனையில் உலோகம் எத்தனை நன்றாகப் பிடித்திருந்தாலும், இதற்குக் கீழே போக முடியாது. இதற்கு மேல் நீளத்தின் பங்கு சேரும். அறை வெப்பநிலையில், குறைந்த வோல்ட்டேஜில், 1 நானோமீட்டர் விட்டமுள்ள குழாயின் மோதலிடைத் தூரம் சுமார் 1 மைக்ரோமீட்டர். ஆகவே மைக்ரோமீட்டருக்கு இன்னொரு 6.45 கிலோ ஓம் என்று கூட்டிக்கொள்ளலாம். 10 மைக்ரோமீட்டர் நீளமுள்ள ஒற்றைக் குழாய்க்கு 6.45ஐ 11ஆல் பெருக்க, சுமார் 71 கிலோ ஓம். முனைத் தொடர்பு மோசமாக இருந்தால் அதற்கும் மேல்.

இதைக் குறுக்குவெட்டு 20க்கு 40 நானோமீட்டர், நீளம் 10 மைக்ரோமீட்டர் கொண்ட ஒரு கம்பியில் வைத்துப் பாருங்கள். செம்பின் மின்தடை எண் இந்த அளவில் 6 மைக்ரோ ஓம் சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் கம்பியின் மின்தடை 750 ஓம். இனி அதே பள்ளத்தை 1 நானோமீட்டர் குழாய்களால் நிரப்புவோம். குழாய்களுக்கு இடையே 0.34 நானோமீட்டர் இடைவெளி விட்டு அறுகோணமாக அடுக்கினால் ஒவ்வொன்றுக்கும் 1.56 சதுர நானோமீட்டர் வேண்டும். 800 சதுர நானோமீட்டருக்குள் 514 குழாய்கள். எல்லாமே உலோகக் குழாயாக இருந்தால் மொத்த மின்தடை 138 ஓம். செம்பைவிட ஐந்து மடங்கு நல்லது. கட்டுரைகள் காட்டும் சொர்க்கம் இதுதான்.

ஆனால் தானாக வளரும் குழாய்களில் மூன்றில் ஒன்றுதான் உலோகம். மீதி இரண்டு பங்கு குறைகடத்தி. குழாயைச் சுருட்டிய கோணத்தைக் குறிக்கும் இரண்டு முழு எண்களின் வித்தியாசம் 3ஆல் வகுபட்டால் உலோகம், வகுபடாவிட்டால் குறைகடத்தி. பிரிக்காமல் விட்டால் 138 ஓம் 414 ஆகிவிடும். அதுவும் பரவாயில்லை என்று வைத்துக்கொள்வோம். அடுத்து வருவது அடர்த்தி. மேலே போட்ட நெருக்கமான அடுக்கு சதுர சென்டிமீட்டருக்கு 64 லட்சம் கோடி குழாய்கள். வாயுவிலிருந்து வளர்க்கும் காட்டில் (செங்குத்தாக நெருங்கி நிற்கும் குழாய்க் கூட்டத்தை இப்படித்தான் சொல்கிறோம்) சாதாரணமாகக் கிடைப்பது 1 லட்சம் கோடி அல்லது அதற்கும் கீழே. 1 லட்சம் கோடி என்றால் நம்முடைய பள்ளத்துக்குள் விழுவது 8 குழாய். எட்டும் உலோகமாகவே இருந்தாலும் மின்தடை 8,900 ஓம். செம்பின் 750 எங்கே, இது எங்கே? ஒற்றைக் குழாயின் பெருமையெல்லாம் இந்த எட்டில் கரைந்துபோகிறது.

செங்குத்தாக அடுக்கை அடுக்கோடு இணைக்கும் வயாவுக்கு வந்தால் வேறொரு உண்மை தெரியும். 20 நானோமீட்டர் சதுரம், 40 நானோமீட்டர் உயரம் என்று வையுங்கள். உயரம் மோதலிடைத் தூரத்தைவிட மிகக் குறைவு. ஆகவே நீளத்தின் பங்கு ஏறக்குறைய இல்லை, முழுக்க முழுக்க முனையின் 6.45 கிலோ ஓம்தான். நெருக்கமாக அடுக்கிய 257 குழாய்களும் உலோகமாக இருந்தால் 25 ஓம்; மூன்றில் ஒன்று என்றால் 75. இங்கே குழாயின் பெரிய பலமான நீண்ட மோதலிடைத் தூரத்துக்கு வேலையே இல்லை. குட்டையான வயாவில் நானோகுழாய்க்குச் சாதகமாக இருப்பது மின்தடை அல்ல; அணு நகராமல் தாங்கும் மின்னோட்டமும், வெப்பத்தைக் கடத்தும் திறனும்தான். மின்தடையில் செம்பை வெல்வதாக யாராவது வயாவைக் காட்டினால் அடர்த்தியை எப்படி எண்ணினார்கள் என்று முதலில் கேளுங்கள்.

வயாவுக்குள் குழாயை வளர்க்கும் வேலை இப்படிப் போகும். அடியில் உலோகம், அதன்மேல் டைட்டானியம் நைட்ரைடு போன்ற படலம், அதன்மேல் 1 முதல் 2 நானோமீட்டர் தடிப்பில் வினையூக்கி உலோகம். ஹைட்ரஜனில் சூடாக்கினால் அந்தப் படலம் உடைந்து துளித் துளியாகும். அசெட்டிலீனோ எத்திலீனோ உள்ளே விட்டால் ஒவ்வொரு துளியிலிருந்தும் ஒரு குழாய் எழும். குழாயின் விட்டத்தைத் தீர்மானிப்பது துளியின் அளவு. எண்ணிக்கையைத் தீர்மானிப்பது துளிகளின் நெருக்கம். அதனால் வளர்ச்சியின் தலையெழுத்து வாயு உள்ளே வருவதற்கு முன்பே எழுதப்பட்டுவிடுகிறது.

இங்கேதான் ஒன்றோடொன்று இழுக்கும் மூன்று தேவைகள் வருகின்றன. துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருக்காமல் இருக்க மிக நல்ல அடித்தளம் அலுமினா. 2004இல் ஜப்பானின் ஏஐஎஸ்டி ஆய்வகத்தில் எத்திலீனோடு சிறிதளவு நீராவி கலந்து 10 நிமிடத்தில் 2.5 மில்லிமீட்டர் உயரக் காட்டை வளர்த்தார்கள். அந்த வகை வளர்ச்சிக்கு அலுமினாவின் மேல் இரும்பு, 750 டிகிரி சுற்றுவட்டார வெப்பம் என்பதே வழக்கமான கூட்டு. ஆனால் அலுமினா மின்காப்பு. அடியில் மின்னோட்டம் போகாது. உலோகத்தின் மேல் நேராக வளர்த்தால் துளிகள் அடியிலுள்ள உலோகத்துக்குள் ஊறிப்போகும், அல்லது ஒன்றாகச் சேர்ந்து தடித்துப்போகும். குழாய் எண்ணிக்கை பத்தில் ஒன்றாகக்கூடக் குறையும். இரண்டாவது, சிப்பின் மேலடுக்குகள் தாங்கும் வெப்பம் 400 டிகிரிதான். அந்த வெப்பத்தில் வளரும் குழாயின் சுவரில் ஓட்டை உடைசல் அதிகம். லேசர் ஒளி சிதறுவதை வைத்துக் குழாயின் தரத்தைப் பார்க்கும் ராமன் நிறமாலையில், சென்டிமீட்டருக்கு இத்தனை அலை என்ற கணக்கில், 1350 அருகே எழும் குறைபாட்டு உச்சம் 1590 அருகே உள்ள கிராஃபைட் உச்சத்துக்குச் சமமாக, சில நேரம் அதற்கு மேலும் நிற்கும். அப்படிப்பட்ட குழாயில் மோதலிடைத் தூரம் 1 மைக்ரோமீட்டர் என்று கணக்குப் போடக்கூடாது. மூன்றாவது, இரும்பு சிலிக்கனுக்குள் போனால் டிரான்சிஸ்டரைக் கெடுக்கும். அதனால் உற்பத்திக் கூடங்களில் கோபால்ட்டையோ நிக்கலையோதான் ஏற்றுக்கொள்கிறார்கள்.

வளர்த்த பிறகு மேல் முனையைப் பிடிக்க வேண்டும். குழாய்கள் புல்லைப்போல வயாவின் வாயிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும். அப்படியே தேய்த்துச் சமப்படுத்தப் போனால் வேரோடு பிடுங்கிக்கொண்டு வரும். முதலில் இடைவெளிகளைச் சிலிக்கா போன்ற ஒன்றால் நிரப்பிக் கெட்டியாக்க வேண்டும். பிறகுதான் மெருகேற்றும் தட்டில் வைக்க வேண்டும். இந்தப் படிக்கு இன்னொரு பயனும் உண்டு. ஒன்றுக்குள் ஒன்றாகக் குழாய்கள் அமைந்த பல சுவர்க் குழாயின் தலை மூடியே இருந்தால் மேலே போடும் உலோகம் வெளிச்சுவரை மட்டும் தொடும். உள்ளேயுள்ள சுவர்கள் சும்மா கிடக்கும். மெருகேற்றித் தலையைத் திறந்துவிட்டால் எல்லாச் சுவரும் உலோகத்தைத் தொடும். அந்த மேல் உலோகமாக டைட்டானியத்தையோ பல்லேடியத்தையோ போடுவார்கள். டைட்டானியம் போடுகிறீர்கள் என்றால் அறைக்குள் வெற்றிடம் நன்றாக இருக்கட்டும். மிச்சமிருக்கும் ஆக்சிஜன் அதைப் பிடித்துக்கொண்டால் கார்பனைத் தொடுவது ஆக்சைடாகத்தான் இருக்கும்.

அடர்த்தியைக் கூட்ட எளிய வழி ஒன்று இருக்கிறது. காட்டை ஐசோபுரோப்பனாலில் நனைத்துக் காயவிட்டால் திரவம் ஆவியாகும்போது குழாய்களை ஒன்றோடொன்று இழுத்துக் கட்டிவிடும். பரப்பில் கிடைக்கும் லாபம் பெரியது. ஆனால் குழாய்கள் ஒரு பக்கம் சேர்ந்தால் மறுபக்கம் வெற்றிடம் விடும். எங்கே சேர வேண்டும் என்பதைக் காட்டின் வடிவத்தை வைத்து முன்பே தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

செம்பையும் குழாயையும் கலக்கும் வழி எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது. 2013இல் அதே ஏஐஎஸ்டி ஆய்வகம் செம்புக்குள் குழாய்களை நிரப்பிய கலவை ஒன்றைக் காட்டியது. குழாயின் பங்கு கன அளவில் 45 சதவீதம்; கடத்துத்திறன் செம்புக்கு அருகில்; தாங்கிய மின்னோட்டம் சதுர சென்டிமீட்டருக்கு 60 கோடி ஆம்பியர், செம்பைப்போல நூறு மடங்கு. இதில் கவனிக்க வேண்டியது முலாம் பூசும் முறை. குழாய்க்குத் தண்ணீர் ஒட்டாது. சாதாரண காப்பர் சல்ஃபேட் தொட்டியில் இறக்கினால் செம்பு மேல்தோலில் மட்டும் படிந்து உள்ளே போகும் வழியை அடைத்துவிடும். அவர்கள் முதலில் அசெட்டோநைட்ரைலில் கரைத்த காப்பர் அசிட்டேட்டில் மெதுவாகச் செம்பு விதைகளை உள்ளே ஊன்றினார்கள். நீர்த் தொட்டி அதற்குப் பிறகுதான். முலாமை அவசரப்படுத்தினால் வெளியே பளபளப்பான செம்பும் உள்ளே வெறும் காடும் மிஞ்சும். குறுக்காக வெட்டிப் பார்க்காமல் இதைக் கண்டுபிடிக்க முடியாது.

அதிர்வெண் ஏறும்போது

கம்பியில் ஜிகாஹெர்ட்ஸ் ஓடத் தொடங்கினால் இன்னொரு குணம் தலைகாட்டுகிறது. எந்தக் கம்பிக்கும் காந்தப்புலத்தால் வரும் இண்டக்டன்ஸ் உண்டு; மைக்ரோமீட்டருக்கு 1 பிக்கோஹென்ரி அளவு. நானோகுழாயில் இதற்கு மேல் எலக்ட்ரான்களின் நிலைமத்தால் வரும் இண்டக்டன்ஸ் ஒன்று இருக்கிறது. ஒரு வழிக்கு மைக்ரோமீட்டருக்கு 16 நானோஹென்ரி. நான்கு வழியும் சேர்ந்தால் 4 நானோஹென்ரி. காந்த இண்டக்டன்ஸைவிட ஆயிரக்கணக்கான மடங்கு. இர்வைனில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பீட்டர் பர்க் 2002இல் குழாயை டிரான்ஸ்மிஷன் லைனாக, அதாவது அலை ஓடும் கம்பியாக, எழுதிக் காட்டியபோது இந்த எண்களை எல்லோரும் கையில் எடுத்துக்கொண்டார்கள். குழாய்க்கும் அடித்தளத்துக்கும் இடையேயான கெப்பாசிட்டன்ஸ் மைக்ரோமீட்டருக்கு 50 அட்டோஃபேரட், அதோடு தொடராக நிற்கும் குவாண்டம் கெப்பாசிட்டன்ஸ் 400 அட்டோஃபேரட் என்று எடுத்துக்கொண்டால், குழாயின் இம்பீடன்ஸ் சுமார் 9.5 கிலோ ஓம் வருகிறது. அலை வேகம் ஒளியின் வேகத்தில் நூறில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடுகிறது.

இதைப் படித்ததும் ஒற்றைக் குழாயில் ஆன்டெனா, ரெசனேட்டர் என்று ஆசை பிறக்கும். இன்னொரு வரிக் கணக்கையும் போட்டுவிடுங்கள். மைக்ரோமீட்டருக்கு 6.45 கிலோ ஓம் மின்தடையும் 4 நானோஹென்ரியும் சமமாகும் அதிர்வெண் சுமார் 250 ஜிகாஹெர்ட்ஸ். அதற்குக் கீழே அறை வெப்பநிலையில் மின்தடைதான் ஆள்கிறது. அலை எழும்புவதற்கு முன்பே கரைந்துவிடும். சிப்புகளில் நாம் பயன்படுத்தும் அதிர்வெண்கள் எல்லாம் இதற்குக் கீழேதான். எனவே ஒற்றைக் குழாயை மின்தடையும் கெப்பாசிட்டன்ஸும் மட்டும் உள்ள லைனாக எழுதினாலே பெரும்பாலும் போதும்.

கட்டாக எடுத்தால் இந்த நிலைம இண்டக்டன்ஸ் நமக்கு உதவி செய்கிறது. செம்பில் அதிர்வெண் ஏற ஏற மின்னோட்டம் வெளித்தோலுக்கு ஒதுங்கும். 10 ஜிகாஹெர்ட்ஸில் தோலின் ஆழம் 0.66 மைக்ரோமீட்டர், 100 ஜிகாஹெர்ட்ஸில் 0.21. குழாய்க் கட்டில் ஒவ்வொரு குழாயும் தன் சொந்த நிலைம இண்டக்டன்ஸைத் தூக்கிக்கொண்டு நிற்பதால் காந்தப்புலத்தின் தள்ளுதல் அதற்கு முன் சிறியதாகிவிடுகிறது. மின்னோட்டம் கட்டு முழுக்க ஏறக்குறைய சமமாகப் பரவும். சான்டா பார்பராவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் கௌஸ்தவ் பானர்ஜியின் குழு 2009இல் இதைக் கணக்கிட்டு, சிப்பில் வைக்கும் இண்டக்டர் சுருள்களுக்கு இது நல்லது என்று காட்டியது. இந்த லாபம் தடித்த கம்பிக்குத்தான். 20 நானோமீட்டர் கம்பியில் ஸ்கின் எஃபெக்ட் பற்றிக் கவலைப்படவே தேவையில்லை; 100 ஜிகாஹெர்ட்ஸில்கூடக் கம்பியே தோலின் ஆழத்தில் பத்தில் ஒரு பங்கு. எந்த அடுக்குக் கம்பியைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைச் சொல்லாமல் ஸ்கின் எஃபெக்ட்டை இழுப்பது இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் குழப்பம்.

கம்பியாக நிஜ சிப்பில் வேலை செய்த குழாய் உண்டா என்றால் உண்டு. 2008இல் ஸ்டான்ஃபோர்டு, டோஷிபா ஆய்வாளர்கள் சிலிக்கன் டிரான்சிஸ்டர்களால் ஆன ரிங் ஆசிலேட்டர்களை (தானாக அலைவுறும் வளையச் சுற்றுகளை) வடிவமைத்து, ஒவ்வொன்றிலும் ஓர் இணைப்பை மட்டும் திறந்து விட்டு, அந்த இடைவெளியில் பல சுவர்க் குழாயைப் பதித்தார்கள். சுற்று 1 ஜிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓடியது. மாறுதிசை மின்புலத்தைக் கொண்டு திரவத்திலிருந்து குழாயை மின்வாய்களுக்கு இடையே இழுக்கும் முறை அதில் பயன்பட்டது. மெகாஹெர்ட்ஸ் அளவில், சில வோல்ட்டில் செய்ய வேண்டிய வேலை இது. கரைசல் நீர்த்திருக்க வேண்டும். கெட்டியாக இருந்தால் ஒன்றுக்குப் பதில் பத்து குழாய்கள் சிக்கலாக வந்து விழும். முதல் குழாய் விழுந்ததும் மின்புலம் தானாகக் குறைந்து அடுத்தது வராமல் இருக்க, தொடரில் ஒரு பெரிய மின்தடையை வைப்பது நல்ல பழக்கம்.

அளப்பது எப்படித் தவறுகிறது

இந்த வேலையில் அதிகம் ஏமாற்றுவது அளவீடு. அலையை அனுப்பி, கடந்து போனதையும் திரும்பி வந்ததையும் அளக்கும் நெட்வொர்க் அனலைசரின் உலகம் 50 ஓம். அதற்கு நடுவே 10 கிலோ ஓம் குழாய் ஒன்றைத் தொடராக மாட்டினால் அந்தப் பக்கம் போய்ச் சேரும் அலை நூறில் ஒரு பங்கு, அதாவது -40 டெசிபெல். வந்த அலையில் 99 சதவீதம் திரும்பிப் போகிறது. எதிரொளிப்பை மட்டும் அளந்து குழாயைக் கண்டுபிடிக்க நினைத்தால், காலிப்ரேஷனில் 1 சதவீதப் பிழை இருந்தாலே குழாய் காணாமல் போகும்.

அதைவிடப் பெரிய எதிரி இரண்டு மின்வாய்களுக்கு இடையேயுள்ள கெப்பாசிட்டன்ஸ். 1 ஃபெம்டோஃபேரட் என்பது மிகச் சிறியதாகத் தோன்றும். 10 ஜிகாஹெர்ட்ஸில் அது 16 கிலோ ஓம். 50 ஜிகாஹெர்ட்ஸில் 3.2 கிலோ ஓம். அதாவது 50 ஜிகாஹெர்ட்ஸில் சிக்னலின் பெரும்பகுதி குழாயைத் தொடாமல் காற்றிலும் அடித்தளத்திலும் தாவிப் போய்விடுகிறது. அந்த அளவீட்டில் மின்தடை குறைந்துகொண்டே போவதாகத் தெரியும். அதைக் குழாயின் அதிசயம் என்று எழுதிவிடக்கூடாது.

இதைத் தவிர்க்கச் சில விஷயங்களை முன்பே செய்துவிட வேண்டும். அடித்தளம் குவார்ட்ஸாகவோ மின்தடை எண் மிக உயர்ந்த சிலிக்கனாகவோ இருக்கட்டும். சாதாரண சிலிக்கன் வேஃபரின் மேல் ஆக்சைடு போட்டு அளந்தால் பேட் (அளவு முனை தொடும் உலோகத் தட்டு) அடியிலிருக்கும் சிலிக்கனோடு சேர்ந்துகொள்ளும். தரை, சிக்னல், தரை என்ற மூன்று முனை புரோபுக்கு ஏற்ற பேட் போடுங்கள். 100 அல்லது 150 மைக்ரோமீட்டர் பிட்ச் (முனைக்கு முனை தூரம்) வழக்கம். ஒரே வேஃபரில், ஒரே அச்சில், குழாய் இல்லாத திறந்த அமைப்பு, உலோகத்தால் குறுக்கிட்ட அமைப்பு இரண்டையும் பக்கத்திலேயே வையுங்கள். திறந்த அமைப்பு எனச் சொல்லும்போது குழாய் ஒன்றுதான் இல்லாமல் இருக்க வேண்டும். மின்வாய் இடைவெளி அச்சுப் பிசகாமல் அதே அளவாக இருக்க வேண்டும். அளந்த குழாயையே அதிக மின்னோட்டம் விட்டு எரித்துவிட்டு, அதே அமைப்பைத் திறந்த அமைப்பாக மறுபடி அளப்பது எனக்குத் தெரிந்த மிக நேர்மையான வழி. இரண்டு அளவீட்டுக்கும் நடுவே புரோபைத் தூக்காமல் இருந்தால் இன்னும் நல்லது.

சிக்னலின் அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். நெட்வொர்க் அனலைசர் 0 டிபிஎம்மில், அதாவது 1 மில்லிவாட்டில், நின்றால், உயர்ந்த இம்பீடன்ஸ் கொண்ட குழாயின் மேல் விழும் உச்ச வோல்ட்டேஜ் ஏறத்தாழ 0.63 வோல்ட். குழாயில் 0.16 வோல்ட்டைத் தாண்டினாலே எலக்ட்ரான்கள் ஒளியியல் ஃபோனான்களை (அணுக்கோவையின் அதிர்வுகளை) உமிழத் தொடங்கும். மோதலிடைத் தூரம் மைக்ரோமீட்டரிலிருந்து பத்து, பதினைந்து நானோமீட்டருக்குச் சரியும். நீளமான குழாயில் மின்னோட்டம் 25 மைக்ரோ ஆம்பியர் அருகே தேங்கிவிடும். நீங்கள் அளக்கப் போனதே மாறிவிடுகிறது. -30 டிபிஎம்முக்கு இறக்கினால் 0.02 வோல்ட். சிக்னல் இரைச்சலில் மூழ்கும்தான். அனலைசரின் பட்டை அகலத்தைக் குறைத்து, பொறுமையாகப் பலமுறை சராசரி எடுங்கள்.

டிரான்சிஸ்டர் பக்கம்

குறைகடத்திக் குழாய்களைக் கொண்டு உயர் அதிர்வெண் டிரான்சிஸ்டர் செய்வதிலும் இதே எண்ணிக்கைப் பாடம்தான். 100 நானோமீட்டர் கேட்டுக்குக் கீழே ஒரு குழாயின் கெப்பாசிட்டன்ஸ் 5 அட்டோஃபேரட். அதைச் சுற்றியுள்ள உலோகத்தின் கெப்பாசிட்டன்ஸ் அதைவிட ஆயிரம் மடங்கு இருக்கும். மைக்ரோமீட்டருக்கு 100 குழாய் என்று 10 மைக்ரோமீட்டர் அகலத்துக்கு வரிசையாக அடுக்கினால்தான் குழாய்களின் பங்கு 5 ஃபெம்டோஃபேரட் ஆகி, சுற்றுப்புறத்தோடு போட்டிபோடும் அளவுக்கு வரும். 2019இல் வேஃபர் அளவில் வரிசைப்படுத்திய குழாய்களால் 100 ஜிகாஹெர்ட்ஸைத் தாண்டிய டிரான்சிஸ்டர்கள் வந்தன. 2020இல் பீகிங் பல்கலைக்கழகத்தினர் மைக்ரோமீட்டருக்கு 100 முதல் 200 குழாய்கள், 99.9999 சதவீதக் குறைகடத்தித் தூய்மை என்ற நிலையை எட்டினார்கள்.

தூய்மையை எப்படி எட்டுகிறார்கள் என்பது எளிய வேதியியல். வில்மின் முறையில் (கார்பன் தண்டுகளுக்கு நடுவே மின்வில் மூட்டி) செய்த குழாய்த் தூளையும் குறைகடத்திக் குழாயை மட்டும் கட்டிப்பிடிக்கும் பாலிமரையும் சம எடையில் எடுத்து, மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் வீதம் டொலுயீனில் போட்டு, பனிக்கட்டித் தொட்டியில் வைத்து, ஒலி முனையால் அரை மணி நேரம் அடிக்க வேண்டும். பிறகு புவியீர்ப்பைப்போல 50,000 மடங்கு விசை வரும்படி சுழற்றி மேலே தெளிந்ததை எடுக்க வேண்டும். ஒருமுறை செய்தால் போதாது. வடித்த குழாய்களை மறுபடி கரைத்து மறுபடி சுழற்ற வேண்டும். தெளிவு நன்றாக இல்லை என்றால் பெரும்பாலும் காரணம் அதிகப்படியான அடி; நீண்ட நேரம் அடித்தால் குழாய் அறுந்து குட்டையாகும், குட்டையானவை வரிசையில் நிற்காது. பாலிமரைக் கழுவி எடுப்பது இன்னும் கடினம். அது முனையில் ஒட்டியிருந்தால் பல்லேடியம் குழாயைத் தொடாது.

99.9 சதவீதத் தூய்மையில் ஆயிரத்துக்கு ஒரு உலோகக் குழாய். 100 குழாய் டிரான்சிஸ்டர்களில் பத்துக்கு ஒன்றில் கசிவு. டிஜிட்டல் சிப்புக்கு இது சாவு. ரேடியோ பெருக்கிக்கு லாபம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். குழாய் டிரான்சிஸ்டர்களுக்கு ரேடியோதான் முதல் வாசல் என்று நான் நினைப்பது இதனால்தான்.

இழையாகத் திரித்த குழாய்

சிப்பை விட்டு வெளியே வந்தால், குழாய்களைத் திரித்த இழை செம்புக் கம்பிக்கு மாற்றாகிறது. ரைஸ் பல்கலைக்கழகத்தில் வளர்ந்த முறை இது: குழாய்களைக் குளோரோசல்ஃபோனிக் அமிலத்தில் கரைத்து, மிக நுண்ணிய துளை வழியே அசெட்டோன் அல்லது தண்ணீர்த் தொட்டிக்குள் பிழிந்து இழுப்பது. அமிலம் வெளியேற, குழாய்கள் ஒன்றோடொன்று இறுகி மெல்லிய இழையாகும். 2013இல் மீட்டருக்கு 3 மெகாசீமென்ஸ் அருகே இருந்த கடத்துத்திறன் 2021இல் 10.9ஐ எட்டியது. செம்புக்கு 59. பருமனுக்குப் பருமன் இன்னும் ஐந்து மடங்கு பின்னால்தான். ஆனால் இழையின் அடர்த்தி செம்பின் அடர்த்தியில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதால், எடைக்கு எடை வைத்தால் செம்பைத் தொட்டுவிடும் தூரம். விண்கலங்களுக்கும் விமானங்களுக்கும் போகும் கேபிள்களின் கவசப் பின்னலில் இது உடனே பயன்படும். நீண்ட குழாய்கள் கிடைக்கக் கிடைக்க இழையின் கடத்துத்திறன் ஏறும். ஏனென்றால் இழைக்குள் எலக்ட்ரான் ஒரு குழாயிலிருந்து அடுத்த குழாய்க்குத் தாவ வேண்டிய முனைகள் குறையும்.

குளோரோசல்ஃபோனிக் அமிலம் தண்ணீரைத் தொட்டால் வெடிப்பதுபோல் சீறி, ஹைட்ரஜன் குளோரைடு புகை விடும். கலவையை ஈரமில்லாத மூடிய அறையில்தான் செய்ய வேண்டும்; மிச்சத்தைத் தொட்டியில் கொட்டக் கூடாது. பிழியும்போது இழை அறுந்துகொண்டே இருந்தால் கரையாமல் நிற்கும் கட்டிகளைத் தேடுங்கள். கரைசலை நுண்ணோக்கியில் குறுக்கு முனைவாக்கிகளுக்கு நடுவே வைத்துப் பார்த்தால், நல்ல கரைசல் திரவப் படிகம்போல முழுவதும் மினுங்கும். கருப்புத் திட்டுகள் தெரிந்தால் இன்னும் கலக்க வேண்டும், அல்லது குழாயில் வினையூக்கி இரும்பு மிஞ்சியிருக்கிறது.

இழையின் கடத்துத்திறனில் ஒரு பகுதி உள்ளே சிக்கிய அமிலம் எலக்ட்ரான்களைப் பிடுங்கிக்கொள்வதால் வருவது. சூடு ஏற்றினால் அமிலம் வெளியேறி மின்தடை கூடும். உற்பத்தியாளர் தரும் எண்ணை நம்பி, இழையை ஈயம் பற்றவைக்கும் வெப்பத்தில் வைத்தால் வேறு எண் கிடைக்கும். ஈயப்பற்று இழையில் ஒட்டவும் ஒட்டாது; துளியாக உருண்டு விழுந்துவிடும். வெள்ளி பேஸ்ட் அவசரத்துக்கு உதவும், ஆனால் ரேடியோ அதிர்வெண்ணில் அந்த முட்டு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி அளக்கும். இழையின் கடைசி சில மில்லிமீட்டரை மட்டும் முதலில் நிக்கலோ செம்போ முலாம் பூசி, அந்த உலோகத்தின் மேல் குழாயுறை இட்டு இறுக்கியோ பற்றவைத்தோ கனெக்டரில் பொருத்துங்கள். முலாம் இழையின் வெளிச்சுற்றோடு நிற்காமல் வெட்டிய முகத்தையும் மூடியிருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். உள்ளேயிருக்கும் குழாய்களுக்கு வழி அந்த முகம்தான்.